தொழிற்சாலைக்கு ஆடிட் வருகிறது: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

தொழிற்சாலைகளுக்குப் போய் சம்பளம், வேலை நேரம், பாதுகாப்பு இதையெல்லாம் பார்த்து அறிக்கை எழுதுவதுதான் பல வருடமாக என் பிழைப்பு. நிர்வாகத்தில் இருப்பவர்கள், லைனில் வேலை செய்பவர்கள், இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்கள், கடையில் சட்டை வாங்குவதோடு சரி என்று இருப்பவர்கள், யாரிடம் பேசினாலும் சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்கள்தான். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிக்க முடியவில்லை, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

ஆடிட்னா கணக்கு வழக்கு பார்க்கிறதுதானே? இதுல தொழிலாளிக்கு என்ன சம்பந்தம்?

பெயர் ஒன்றுதான், வேலை வேறு. கணக்கு ஆடிட்டர் பணம் எங்கே போனது என்று பார்ப்பார். நாங்கள் பார்ப்பது, தொழிலாளிக்குச் சேர வேண்டிய சம்பளம் முழுதாகச் சேர்ந்ததா, அவர் எத்தனை மணி நேரம் வேலை செய்தார், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறதா, தீப்பிடித்தால் உயிரோடு வெளியே வர முடியுமா, இந்த மாதிரி விஷயங்கள்.

இதைக் கேட்பது பெரும்பாலும் பொருளை வாங்கும் பையர். 1990களில் தொழிற்சாலைகளின் நிலைமை செய்தியாக வர ஆரம்பித்தபோது பெரிய பிராண்டுகள் ஒவ்வொன்றாக நடத்தை விதிகள் எழுதின, ஜீன்ஸ் கம்பெனி லீவை ஸ்ட்ராஸ் 1991இலேயே எழுதிவிட்டது. விதி எழுதினால் அதை யாராவது போய்ப் பார்க்க வேண்டுமே, அப்படிப் பிறந்ததுதான் இந்தத் தொழில்.

கவர்மென்ட் இன்ஸ்பெக்டரும் இதைத்தானே பார்க்கிறாரு? ரெண்டும் ஒண்ணுதானா?

இல்லை. இன்ஸ்பெக்டருக்குச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. தொழிலாளர் ஆய்வு பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 81ஆம் உடன்படிக்கை, 1947இல் வந்தது, அதன்படி அவர் முன்னறிவிப்பில்லாமல் பகலோ இரவோ எந்த நேரத்திலும் உள்ளே போகலாம். வழக்குப் போடலாம், ஆபத்து என்றால் வேலையை நிறுத்தச் சொல்லலாம். எனக்கு அதெல்லாம் கிடையாது. வாசலில் செக்யூரிட்டி விடவில்லை என்றால் நான் வெளியே நின்று "அனுமதி மறுக்கப்பட்டது" என்று எழுதிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் எங்கள் அறிக்கைக்குப் பயப்படுவார்கள், ஆர்டர் போய்விடும் என்ற பயம். பல நாடுகளில் இன்ஸ்பெக்டர் எண்ணிக்கை தொழிற்சாலை எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட வராது, அந்த இடைவெளியில்தான் ஆடிட் உட்கார்ந்திருக்கிறது. இன்ஸ்பெக்டர் வேலைக்கு இது மாற்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எந்த ரூல்ஸை வச்சுப் பார்ப்பீங்க? நாட்டுச் சட்டமா, பையர் சொல்றதா?

இரண்டும். எது தொழிலாளிக்கு அதிகப் பாதுகாப்பு தருகிறதோ அது. சட்டம் ஒன்று சொல்லி பையர் விதி அதைவிடக் கடுமையாக இருந்தால் பையர் விதி, சட்டம் கடுமையாக இருந்தால் சட்டம்.

பையர் விதிகளுக்கெல்லாம் அடியில் இருப்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் அடிப்படை உரிமைகள்தான்: சங்கம் சேரும் உரிமை, கட்டாய வேலை கூடாது, குழந்தைத் தொழில் கூடாது, பாகுபாடு கூடாது. பாதுகாப்பான, சுகாதாரமான பணியிடம் என்பது 2022இல்தான் ஐந்தாவதாகச் சேர்ந்தது, அதுவரை சேரவில்லை என்பதே எனக்கு ஆச்சரியம். இதன் மேல் ஒவ்வொருவரும் தங்கள் பங்குக்குக் கட்டிக்கொண்டார்கள். எஸ்.ஏ. 8000 என்பது தொழிலாளர் நிலைமைக்கான ஒரு தர விதி, 1997இல் வந்தது, அதில் சான்றிதழ் உண்டு. ஸ்மெட்டா என்பது ஆடிட் நடத்தும் முறை, அதற்குச் சான்றிதழ் கிடையாது, அறிக்கை மட்டும்தான். "எங்ககிட்ட ஸ்மெட்டா சர்டிபிகேட் இருக்கு" என்று யாராவது சொன்னால் மெதுவாகச் சிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள்ல வந்து என்னதான் பார்த்துட முடியும்?

நியாயமான கேள்வி. நாள் கணக்கு ஆள் எண்ணிக்கையைப் பொறுத்தது, சின்ன இடத்துக்கு ஒரு ஆடிட்டர் ஒரு நாள், ஆயிரம் பேருக்கு மேல் என்றால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து போய் வருவோம். காலையில் நிர்வாகத்தோடு ஒரு கூட்டம், அப்புறம் தொழிற்சாலை முழுக்க ஒரு நடை, அப்புறம் பதிவேடுகள், தொழிலாளர்களோடு பேச்சு, சாயங்காலம் கண்டதையெல்லாம் நிர்வாகத்திடம் சொல்லிக் கையெழுத்து.

நடை போகும்போது கூரை, கழிப்பறை, ரசாயனக் கிடங்கு, தங்கும் விடுதி, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அறை எதையும் விடக் கூடாது. "அந்த ரூம் சாவி மேனேஜர்கிட்ட இருக்கு, அவர் இன்னைக்கு லீவு" என்று சொன்னால் அங்கே கட்டாயம் ஏதோ இருக்கிறது. ஒரு இடத்தில் அந்த அறையைத் திறக்க இரண்டு மணி நேரம் ஆனது, உள்ளே இருந்தது காலாவதியான தின்னர் டப்பாக்கள், அதற்குப் பக்கத்தில் ஒரு பாய், தலையணை. யாரோ ராத்திரி அங்கே படுத்திருக்கிறார்.

தேதி சொல்லிட்டு வந்தா எல்லாத்தையும் துடைச்சு வச்சிருக்க மாட்டாங்களா?

வைப்பார்கள். கழிப்பறையில் புதுச் சோப்பு, கவர் பிரிக்காத முகக்கவசம், தரையில் காய்ந்தும் காயாத மஞ்சள் கோடு, இதெல்லாம் எங்களுக்குப் பழகிய வாசனை. அதனால்தான் மூன்று வகை வைத்திருக்கிறார்கள்: தேதி சொல்லி வருவது, "இந்தச் சில வாரங்களுக்குள் ஒரு நாள்" என்று சொல்லி வருவது, சொல்லாமலே வருவது. நடுவில் இருக்கும் இரண்டாவது வகை எனக்குப் பிடிக்கும். சம்பளக் கணக்கைத் தெரிந்த ஆள் அன்றைக்கு இருப்பார், ஆனால் இத்தனை வாரமும் வேஷம் போட்டுக்கொண்டே இருக்க முடியாது.

சொல்லிவிட்டு வந்தாலும் எல்லாவற்றையும் மறைத்துவிட முடியாது. தரையை ஒரே ராத்திரியில் கழுவலாம், பன்னிரண்டு மாதச் சம்பளப் பதிவேட்டைக் கழுவுவது அவ்வளவு சுலபமில்லை. அது எப்படி என்பது இன்னும் கொஞ்சம் கீழே வருகிறது.

பாதுகாப்புல முதல்ல எதைப் பார்ப்பீங்க?

கதவு. மற்றதெல்லாம் அப்புறம்.

1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் செத்தார்கள், ஒரு படிக்கட்டுக்குப் போகும் கதவு பூட்டியிருந்தது. நூறு வருடம் கழித்து, 2012 செப்டம்பர் 11 அன்று, கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் தொழிற்சாலையில் 250 பேருக்கு மேல் செத்தார்கள், அங்கேயும் பூட்டிய கதவுகள், கம்பி போட்ட ஜன்னல்கள். திருட்டு போகும் என்று பூட்டினோம் என்பதுதான் எல்லாக் காலத்திலும் சொல்லப்படும் காரணம். துணி திருடு போகாமல் இருக்க ஆளைப் பூட்டி வைத்திருக்கிறோம் என்பது அதற்கு அர்த்தம்.

அதனால் ஒவ்வொரு அவசர வழிக் கதவையும் நானே தள்ளிப் பார்ப்பேன். உள்ளிருந்து சாவி இல்லாமல், ஒரே தள்ளில், வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். திறந்த பிறகு அந்தப் பாதை எங்கே போகிறது என்று கடைசி வரை நடந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் கதவு அழகாகத் திறக்கும், நான்கடி தள்ளிச் சுற்றுச்சுவர் கேட்டில் பூட்டு தொங்கும். சாவி பக்கத்திலேயே கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது என்று காட்டுவார்கள். புகையில் கண் எரியும்போது, பின்னால் ஐம்பது பேர் தள்ளும்போது, அந்தச் சின்னப் பெட்டியை உடைத்துச் சாவி எடுத்துப் பூட்டைத் தேடுங்கள் பார்ப்போம்.

ஃபயர் டிரில் பண்ணினதுக்கு போட்டோ இருக்கே, அது போதாதா?

போட்டோவில் எல்லோரும் சிரித்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். எனக்கு வேண்டியது நேரம்: மணி அடித்ததிலிருந்து கடைசி ஆள் வெளியே வரும் வரை எத்தனை நிமிடம், எண்ணிக்கை யார் எடுத்தார், இரவு ஷிப்டுக்கு நடந்ததா, ஏதாவது தவறு நடந்து அதைச் சரி செய்தீர்களா. நான்கு ஒத்திகையிலும் "எல்லாம் நன்றாக நடந்தது" என்று எழுதியிருந்தால் ஒத்திகையே நடக்கவில்லை என்றுதான் நினைப்பேன். பெரும்பாலும் லைனில் ஒருவரிடம் "மணி அடிச்சா எந்தப் பக்கம் ஓடுவீங்க?" என்று கேட்டாலே தெரிந்துவிடும்.

ஓவர்டைம் பண்ண தொழிலாளிங்களே ஆசைப்படுறாங்க, அதுல என்ன தப்பு?

ஆசைப்படுகிறார்கள், உண்மை. ஏன் ஆசைப்படுகிறார்கள் என்பதுதான் விஷயம். எட்டு மணி நேரச் சம்பளத்தில் வீட்டை ஓட்ட முடிந்தால் பன்னிரண்டாவது மணி நேரத்துக்கு யாரும் அடித்துக்கொள்ள மாட்டார்கள். ஓவர்டைம் பிரச்சினையைத் தோண்டினால் பாதி தடவை அடிப்படைச் சம்பளப் பிரச்சினையில் போய் நிற்கும்.

கணக்கு என்று பார்த்தால், தொழிற்சாலையில் நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கை, 1919. எஸ்.ஏ. 8000 அதன் மேல் வாரத்துக்கு 12 மணி நேர ஓவர்டைம் வரை விடுகிறது, அதுவும் இஷ்டப்பட்டால்தான், அதற்குக் கூடுதல் விகிதத்தில் சம்பளம். ஆக 60. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளின் கூட்டமைப்பான ஆர்.பி.ஏ.வின் விதியும் 60இல்தான் நிற்கிறது. ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு. நாட்டுச் சட்டம் இதைவிடக் குறைவாக வைத்திருந்தால் அதுதான் கணக்கு, மேலே சொன்ன மாதிரி.

"இஷ்டப்பட்டால்" என்பதை எப்படிச் சோதிப்பது? முடியாது என்று சொன்னவருக்கு அடுத்த வாரம் என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். கஷ்டமான மெஷினுக்கு மாற்றினார்களா, அடுத்த மாதம் முழுக்க ஓவர்டைமே கொடுக்காமல் காயப்போட்டார்களா? அப்படி என்றால் அது இஷ்டம் இல்லை.

பீஸ் ரேட்ல வேலை செய்றவங்களுக்கு மணிக் கணக்கு எதுக்கு? எவ்வளவு தைக்கிறாங்களோ அவ்வளவு காசு.

அவர் வேலை செய்த நேரத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவோ, அது பீஸ் கணக்கில் வரவில்லை என்றால் மீதியை நிர்வாகம்தான் போட்டுக் கொடுக்க வேண்டும். நேரம் எழுதாமல் அது வருகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? துணி வராமல், கரண்ட் போய், மெஷின் ரிப்பேராகி உட்கார்ந்திருந்த நேரமும் அவருடைய நேரம்தான்.

ரெண்டு கணக்கு வச்சிருக்கிறதை எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?

பொய்க் கணக்கு எழுதுகிறவர் சம்பளப் பதிவேடு, வருகைப் பதிவேடு இரண்டையும்தான் திருத்துவார். ஆடிட்டர் கேட்பது அதுதான் என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு தொழிற்சாலையில் தேதி போட்டு எழுதப்படும் காகிதம் நூறு இருக்கிறது. கேட்டில் லாரி போன பதிவு, ஜெனரேட்டர் ஓடிய நேரம், முதலுதவிப் பெட்டிப் பதிவு, மெஷின் ரிப்பேர் கார்டு, தரப் பரிசோதனைத் தாள், ஸ்டோரிலிருந்து நூல் வாங்கிய ரசீது. இதெல்லாம் வேறு வேறு ஆள் எழுதுவது, அவர்களிடம் யாரும் பொய் எழுதச் சொல்லி வைப்பதில்லை.

தையல் தொழிற்சாலையில் எனக்குப் பிடித்தது உடைந்த ஊசிப் பதிவேடு. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, தேதி, மெஷின் எண் போட்டுத் தாளில் ஒட்டிவிட்டுத்தான் புது ஊசி தருவார்கள், துண்டு சட்டையில் மாட்டி யாரையும் குத்திவிடக் கூடாதே. பையர் கேட்பதால் இதை ஒழுங்காக எழுதியும் வைப்பார்கள். வருகைப் பதிவேட்டில் வார விடுமுறை என்று போட்டிருக்கும் நாளில் இதில் ஏழு ஊசி உடைந்திருக்கும். மெஷின் தானாக ஓடாது.

அப்புறம் கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். ஒரு வேலையை ஒருவர் மணிக்கு 60 பீஸ் முடிப்பார், அந்த வேலைக்கு மூன்று மெஷின், வாரம் 48 மணி நேரம் என்றால் 8,640 பீஸ். அந்த வாரம் வெளியே போனது 12,000. மீதி 3,360 பீஸ் தைக்க அந்த மூன்று பேருக்கும் இன்னும் 18 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். அந்த 18 மணி நேரம் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று கேட்டால் போதும். முந்தைய வாரத்து இருப்பு, வெளியே தைத்து வந்தது என்று பதில் வரலாம், சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும், அதற்கும் காகிதம் கேட்க வேண்டும். அதே மாதிரி மாதம் முழுக்க எல்லோரும் சரியாக 9.00க்கு வந்து 6.00க்குப் போயிருந்தால் சந்தேகப்படுங்கள். மனிதர்கள் 8.52க்கு வருவார்கள், 9.07க்கு ஓடி வருவார்கள்.

நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 72 மணி நேரம் ஓடியிருந்தால் 72 என்றே காட்டுங்கள். அது ஒரு குறை, சரி செய்யத் திட்டம் போடலாம். மறைத்து மாட்டிக்கொண்டால், நீங்கள் காட்டிய எந்தக் காகிதத்தையும் அதற்கப்புறம் நான் நம்ப முடியாது, பையரும் நம்ப மாட்டார்.

தொழிலாளிகிட்ட பேசுறீங்க, சரி. சொல்லிக்கொடுத்துதானே அனுப்புவாங்க?

பல இடத்தில் அப்படித்தான். அதனால் யாரிடம் பேசுவது என்று நாங்கள்தான் தேர்ந்தெடுப்போம், எச்.ஆர். கொடுக்கும் பட்டியலிலிருந்து இல்லை. புதிதாகச் சேர்ந்தவர், கான்ட்ராக்ட் ஆள், வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பவர், கர்ப்பிணி, சங்க உறுப்பினர் என்று கலந்து எடுப்போம். சிலரிடம் தனியாக, சிலரிடம் நாலைந்து பேராக. மேனேஜர் அறையிலோ கேமரா இருக்கும் இடத்திலோ பேசுவதில் பிரயோஜனம் இல்லை.

நேரடியாகக் கேட்டால் மனப்பாடப் பதில்தான் வரும். "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை?" என்று கேட்காமல், "நேத்து வீட்டுக்குப் போகும்போது குழந்தை முழிச்சிருந்துச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். "திட்டுவாங்களா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள், "டார்கெட் முடியலைன்னா சூப்பர்வைசர் என்ன சொல்வாரு?" என்று கேட்டால் அவர் குரலிலேயே பேசிக் காட்டுவார்கள். ஆனால் பாலியல் சீண்டல் மாதிரி விஷயம் இருபது நிமிடப் பேச்சில் வெளியே வருவது ரொம்ப அரிது, பெண் ஆடிட்டர் இருந்தால்கூட. வன்முறை, துன்புறுத்தலுக்கு எதிராக 2019இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கை வந்திருக்கிறது, அதைச் சோதிக்கும் சரியான கருவி ஆடிட்டரின் கேள்வித்தாள் இல்லை என்பது என் அபிப்பிராயம். தொழிலாளி நம்பும் ஒரு சங்கமோ, வெளியாள் நடத்தும் புகார் எண்ணோ இருந்தால் அங்கேதான் அது வரும்.

நான் உண்மையைச் சொல்லிட்டா என் வேலை போயிடாதா?

பெயர் எழுத மாட்டேன், நீங்கள் சொன்னதை உங்களை அடையாளம் காட்டும்படி எழுத மாட்டேன். பேக்கிங்கில் இருப்பதே மூன்று பெண்கள் என்றால் "பேக்கிங்கில் ஒரு பெண் சொன்னார்" என்று எழுதுவது காட்டிக்கொடுப்பதற்குச் சமம். நீங்கள் சொன்னதை வைத்து ஊசிப் பதிவேடு மாதிரி ஏதாவது காகிதத்தைத் தேடி, அதை ஆதாரமாகக் காட்டுவேன்.

உங்கள் வேலைக்கு நான் உத்தரவாதம் தர முடியுமா என்றால், முடியாது. சாயங்காலம் நான் கிளம்பிவிடுவேன், நீங்கள் நாளை காலை அதே சூப்பர்வைசர் முன்னால் நிற்க வேண்டும். பழிவாங்கினால் அது பெரிய மீறல், நான் கையில் கொடுத்திருக்கும் போன் எண்ணுக்குக் கூப்பிடலாம், அதற்கப்புறம் பையர் தலையிடுவார், தலையிட வேண்டும். ஆனால் எல்லாம் சொல்லியே ஆக வேண்டும் என்று யாரையும் நான் வற்புறுத்தியதில்லை. பேசாமல் இருப்பதும் உங்கள் உரிமை.

சின்னப் பையன் ஒருத்தன் வேலை செய்றதைப் பார்த்தா உடனே வெளியே அனுப்பிடணும், இல்லையா?

மெஷினிலிருந்து உடனே எழுப்ப வேண்டும், தெருவுக்கு அனுப்பக் கூடாது. 1993இல் அமெரிக்காவில் குழந்தைகள் செய்த பொருளைத் தடுக்கும் மசோதா ஒன்று வந்தபோது, வங்கதேச ஆடைத் தொழிற்சாலைகள் பயந்துபோய்க் குழந்தைகளை மொத்தமாக நிறுத்தின. அவர்களில் பலர் பள்ளிக்குப் போகவில்லை, கல் உடைக்கவும் தெருவில் விற்கவும் போனார்கள், இன்னும் மோசமான வேலைகளுக்கும் போனார்கள். 1995இல் தொழிற்சாலை உரிமையாளர் சங்கமும் யுனிசெஃபும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் ஒப்பந்தம் போட்டு, பள்ளியும் உதவித்தொகையும் ஏற்பாடு செய்த பிறகுதான் அது திருந்தியது.

இப்போது ஒழுங்கான முறை இதுதான்: வயதைச் சரிபார்ப்பது, வீட்டோடு பேசுவது, பள்ளிச் செலவோடு அவன் கொண்டுவந்த வருமானத்துக்கு ஈடாக ஒரு தொகையும் தருவது, முடிந்தால் அந்த வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை தருவது. செலவு தொழிற்சாலையுடையது, பையரும் பங்கு போடலாம். பொதுவான குறைந்தபட்ச வயது 15, ஆபத்தான வேலைக்கு 18. பதினாறு வயதுப் பையன் சட்டப்படி வேலையில் இருக்கலாம், ரசாயனத்தின் பக்கத்திலோ ராத்திரி ஷிப்டிலோ இருக்கக் கூடாது. இந்த நடு வயதுக்காரர்களைத்தான் ஆடிட்டர்களே அதிகம் கோட்டை விடுவது.

கட்டாய வேலைன்னா சங்கிலி போட்டுக் கட்டி வைக்கிறது. இந்தக் காலத்துல அது எங்க இருக்கு?

சங்கிலியைத் தேடினால் கிடைக்காது. பாஸ்போர்ட்டைத் தேடுங்கள். வேறு நாட்டிலிருந்து வந்தவர்களின் பாஸ்போர்ட் "பத்திரமா இருக்கட்டும்னு" எச்.ஆர். பீரோவில் இருக்கும், திருப்பிக் கேட்டால் எத்தனை நாளில் கிடைக்கும் என்று கேட்க வேண்டும். இந்த வேலைக்கு வர ஏஜென்டுக்கு எவ்வளவு கொடுத்தார், அந்தக் கடன் அடைய எத்தனை மாதம், நடுவில் விட்டுப் போனால் என்ன கட்ட வேண்டும்? சம்பளத்தில் ஒரு பகுதியை "கடைசியில் மொத்தமாகத் தருகிறோம்" என்று பிடித்து வைத்திருக்கிறார்களா? விடுதிக் கதவு ராத்திரி வெளியே பூட்டப்படுகிறதா?

ஆளெடுக்கும் செலவு முழுக்க முதலாளியுடையது, தொழிலாளி ஒரு காசும் தரக் கூடாது என்பதுதான் இப்போது பெரிய பையர்கள் வைத்திருக்கும் விதி. "நாங்க வாங்கலை, ஏஜென்ட் வாங்கினான்" என்பது பதில் இல்லை. அந்த ஏஜென்ட் யாருக்காக ஆள் பிடித்தார்?

ஆடிட்டுக்குக் காசு கொடுக்கிறதே தொழிற்சாலைதான். அப்புறம் எப்படி நேர்மையா எழுதுவீங்க?

இந்தத் தொழிலின் பெரிய ஓட்டை இதுதான். பல ஆடிட்டுகளுக்குத் தொழிற்சாலை பணம் கட்டுகிறது, எந்த நிறுவனத்தைக் கூப்பிடுவது என்றும் அதுவே முடிவு செய்கிறது. கறாரான ஆடிட்டரை அடுத்த வருடம் கூப்பிட மாட்டார்கள். விலை போட்டியில் நாளும் குறையும், ஆளும் குறையும். மதியம் "உங்களுக்காக ஒரு சின்னப் பரிசு" என்று கவர் நீட்டிய இடங்களும் உண்டு, அதையும் அறிக்கையில் எழுதிவிட வேண்டும், வாங்கவில்லை என்றாலும் நீட்டினார்கள் என்பது மீறல்தான்.

கொஞ்சம் சரி செய்யப் பார்த்திருக்கிறார்கள். ஆடிட்டர்களுக்குத் தேர்வு வைத்துப் பதிவு செய்ய அப்ஸ்கா என்ற சங்கம் 2015இல் வந்தது. சில பிராண்டுகள் தாங்களே பணம் கட்டி ஆளையும் தாங்களே அனுப்புகின்றன. இது எனக்கு எவ்வளவோ மேல்.

சர்டிபிகேட் வாங்கின தொழிற்சாலையே எரிஞ்சுபோச்சு, ஆடிட் பண்ணின பில்டிங்கே இடிஞ்சுபோச்சு. இதுக்கு என்ன சொல்றீங்க?

தலை குனிந்துதான் சொல்ல வேண்டும். கதவு கேள்வியில் சொன்ன அலி எண்டர்பிரைசஸுக்கு, தீ விபத்துக்குச் சில வாரம் முன்னால்தான் எஸ்.ஏ. 8000 சான்றிதழ் கிடைத்திருந்தது. தீயை வேண்டுமென்றே வைத்தார்கள் என்று 2020இல் நீதிமன்றம் சொன்னது, அதைச் சொல்லி ஆடிட்டைக் காப்பாற்றப் பார்க்கிறவர்கள் உண்டு. யார் வைத்த தீயாக இருந்தாலும் கதவு திறந்திருந்தால் வெளியே வந்திருப்பார்கள்.

2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்குப் பக்கத்தில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் விழுந்து 1,134 பேர் செத்தார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் வந்தது, கீழே இருந்த வங்கி ஆட்களை வெளியே அனுப்பிவிட்டது, தைக்கிறவர்களை மட்டும் மறுநாள் வரச் சொன்னார்கள். அந்தக் கட்டடத்தில் இருந்த தொழிற்சாலைகளில் இரண்டு ஏற்கெனவே ஆடிட் முடித்தவை. கட்டடத்தின் வலு அந்த ஆடிட்டின் வேலையில் வரவில்லை என்று பதில் வந்தது. காகிதப்படி சரிதான். தூணைப் பார்த்துச் சொல்ல எனக்கும் தெரியாது, அதற்குப் பொறியாளர் வேண்டும்.

அடுத்த மாதமே அக்கார்டு என்ற ஒப்பந்தம் வந்தது, அது வேறு மாதிரி. பிராண்டுகளும் சர்வதேசத் தொழிற்சங்கங்களும் கையெழுத்துப் போட்ட, நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகக்கூடிய ஒப்பந்தம். பொறியாளர்கள் போய்ப் பார்த்தார்கள், அறிக்கை எல்லோரும் பார்க்கும்படி வெளியானது, சரி செய்யப் பணத்துக்கு வழி இருக்கிறதா என்று பார்ப்பது பிராண்டின் பொறுப்பானது, மறுத்த தொழிற்சாலைக்கு ஆர்டர் நின்றது, ஆபத்து என்று தெரிந்தால் வேலை செய்ய மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு இருந்தது. என் அறிக்கை பையரின் கணினியில் பூட்டிக் கிடக்கிறது, அக்கார்டு அறிக்கை அங்கே வேலை செய்கிறவர் கைக்கும் போனது. வித்தியாசம் முழுக்க அங்கேதான் என்று நினைக்கிறேன்.

ஆடிட்ல ஃபெயில் ஆனா ஆர்டர் போயிடுமா?

பாஸ், ஃபெயில் என்று பெரும்பாலும் கிடையாது. குறைகளை எழுதி, எப்போதைக்குள் யார் சரி செய்வது என்று ஒரு திட்டம் போடுவார்கள். பூட்டிய கதவு என்றால் அன்றைக்கே, ஓவர்டைம் என்றால் சில மாதம். குழந்தைத் தொழில், கட்டாய வேலை, லஞ்சம், உயிர் ஆபத்து இதற்கெல்லாம் பையருக்கு உடனே தகவல் போய்விடும்.

திட்டத்தில் "தொழிலாளர்களுக்குப் பயிற்சி அளிக்கப்படும்" என்று எழுதுவது நோய்க்குப் பச்சைத் தண்ணீர் கொடுக்கிற மாதிரி. கதவை ஏன் பூட்டினீர்கள், திருட்டு பயமென்றால் அலாரம் வைத்த கதவு போடலாமே என்று காரணம் வரை போக வேண்டும். ஒழுங்கான பையர் முதல் குறையிலேயே ஓடமாட்டார். ஓடினால் நஷ்டம் அங்கே வேலை செய்பவர்களுக்குத்தான்.

பையரே விலையைக் குறைச்சுட்டு, தேதியையும் நெருக்கினா நாங்க என்ன பண்றது?

இதைக் கேட்காத முதலாளியே இல்லை, பாதிக்குமேல் நியாயமான கோபம்தான். கடைசி நேரத்தில் கலரை மாற்றி, தேதியை மட்டும் மாற்றாமல் வைத்தால் அந்த வாரம் 60 மணி நேரத்தில் முடியாது. அதே பையரின் இன்னொரு பிரிவு என்னை அனுப்பி ஏன் 60ஐத் தாண்டியது என்று கேட்கும். பையரின் கொள்முதல் முறையை ஆடிட் செய்ய யாரும் என்னை அனுப்புவதில்லை.

ஆனால் எழுதலாம். ஆர்டர் எப்போது உறுதியானது, எப்போது மாறியது என்று மின்னஞ்சலைக் காட்டுங்கள், ஓவர்டைமுக்கான காரணத்தில் அதைச் சேர்ப்பேன். சட்டங்களும் மெதுவாக அந்தப் பக்கம் திரும்புகின்றன: பிரான்ஸில் 2017 முதல், ஜெர்மனியில் 2023 ஜனவரி முதல், பெரிய கம்பெனிகள் தங்கள் சப்ளை சங்கிலியில் நடப்பதற்கு ஓரளவு பதில் சொல்ல வேண்டும். ஆடிட் அறிக்கை வாங்கி வைத்திருக்கிறோம் என்பது மட்டும் அதற்குப் போதாது. இதையெல்லாம் மீறி, குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே கொடுக்க எந்த நெருக்கடியும் சாக்கு இல்லை.

ஒரே தொழிற்சாலைக்கு வருஷத்துக்கு ஏழெட்டு ஆடிட். இது தேவையா?

தேவையில்லை. ஒரே தீயணைப்பானை எட்டு பேர் எண்ணுவதில் யாருக்கு லாபம்? ஒரே அறிக்கையைப் பல பையர் பகிர்ந்துகொள்ள ஏற்பாடுகள் இருக்கின்றன, பையரிடம் கேளுங்கள்.

ஆர்டரை வெளியே ஜாப் வொர்க் கொடுத்தா அங்கேயும் வருவீங்களா?

சொன்னால் வரலாம், சொல்லாமல் இருப்பதுதான் பிரச்சினை. மேலே சொன்ன 12,000 பீஸ் கணக்கில் மீதி 3,360 பீஸ் வேறு எங்கேயாவது தைக்கப்பட்டிருந்தால், அங்கே கதவு எப்படி இருக்கிறது, வயது என்ன, யாருக்கும் தெரியாது. காட்டுவதற்கென்று ஒரு நல்ல தொழிற்சாலை, வேலை நடப்பதற்கு இன்னொன்று என்று வைத்திருப்பவர்களும் உண்டு. கேட் பதிவேட்டில் வெட்டிய துணி வெளியே போய்த் தைத்த சட்டையாகத் திரும்பி வந்திருந்தால் பிடித்துவிடலாம்.

தப்பு நடக்குதுன்னு நிச்சயமா தெரியுது, ஆனா காகிதத்துல ஒண்ணும் சிக்கலை. ரிப்போர்ட்ல எப்படி எழுதுறது?

புதிதாக வந்தவர்கள் ராத்திரி போன் செய்து கேட்பது இதைத்தான். ஊகத்தை எழுதாதீர்கள், "குறை எதுவும் இல்லை" என்றும் எழுதாதீர்கள். பார்த்ததை எழுதுங்கள்: இந்தப் பதிவேட்டைக் கேட்டேன், தரவில்லை, இந்த அறையைத் திறக்க இவ்வளவு நேரம் ஆனது, வேலை நேரத்தைச் சரிபார்க்க முடியவில்லை. "சரிபார்க்க முடியவில்லை" என்பதே ஒரு கண்டுபிடிப்பு, நல்ல பையர் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டார்.

ஒரு தடவை எனக்கும் இப்படி ஆனது. காகிதம் எல்லாம் சுத்தம், ஊசிப் பதிவேடு "தொலைந்துவிட்டது". பேசிய பதினான்கு பேரும் "ஆறு மணிக்குப் பஸ் கிளம்பிடும்" என்ற ஒரே வாக்கியத்தை அதே வார்த்தைகளில் சொன்னார்கள். அதை அப்படியே, பதினான்கு பேரும் ஒரே வாக்கியம் சொன்னார்கள் என்று எழுதினேன், வேறு எதுவும் சேர்க்கவில்லை. மூன்று வாரம் கழித்து பையர் சொல்லாமல் ராத்திரியில் ஆள் அனுப்பினார். பதினொன்றரைக்கு இரண்டு லைன் ஓடிக்கொண்டிருந்தது, பஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தது, டிரைவர் உள்ளே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.